பிரசவ அறைக் கதவில் மாட்டிய பலகையைக் கழற்றுங்கள்

கிழக்கு மாகாண சுகாதாரத்துறைக்குப் பொறுப்பானவர்களுக்கும், திருகோணமலை மாவட்டத்து மருத்துவமனைகளின் வைத்திய அத்தியட்சகர்கள், மகப்பேற்று நிபுணர்கள், பொறுப்புத் தாதியர்கள் அனைவருக்கும்,

2020 இல் கொரோனா பரவியபோது எங்கள் மாவட்டத்து அரச மருத்துவமனை ஒன்றில் பிரசவ அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டினார்கள். மறு அறிவித்தல் வரும்வரை, பிள்ளைப்பேற்றுக்கு வரும் தாயுடன் உறவினர் யாரும் உள்ளே வரக்கூடாது என்று அதில் எழுதியிருந்தது. அந்த நேரம் அதை யாரும் குறை சொல்லவில்லை. எல்லாருக்கும் உயிர்ப் பயம். பிறகு முகக்கவசம் போனது, பள்ளிக்கூடங்கள் திறந்தன, கோயில் திருவிழாவுக்கும் ஜும்மாவுக்கும் சனம் பழையபடி கூடியது. அந்தத் தாள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. இந்த வருடம் அதைக் கிழித்துவிட்டு, பெயின்ட் அடித்த பலகை ஒன்றை ஆணியடித்து மாட்டியிருக்கிறார்கள். மறு அறிவித்தல் பற்றிய பேச்சே பலகையில் கிடையாது. தொற்றுக்காகச் செய்த ஏற்பாடு, எந்தத் தாயிடமும் கேட்காமல் நிரந்தரச் சட்டமாகிவிட்டது.

அந்தப் பலகைக்கு வெளியே அம்மாவும் நானும் நின்றோம். உள்ளே என் தங்கச்சி தலைப்பிள்ளைக்கு நோவோடு கிடந்தாள்.

எந்த மருத்துவமனை என்று நான் எழுதவில்லை. இரவிரவாக நின்று வேலை செய்பவர்களை ஊருக்கு முன்னால் நிறுத்திவைப்பது என் நோக்கமில்லை. மூதூர்ப் பக்கமும் கிண்ணியாப் பக்கமும் குச்சவெளிப் பக்கமும் எனக்குத் தெரிந்த பெண்களிடம் இதைச் சொன்னபோது, ஒவ்வொருவரும் தன் கதையைச் சொல்லத் தொடங்கினார்கள். ஒரு மருத்துவமனை விடுதியைத் திருத்தினால் முடிகிற காரியம் இல்லை என்று அப்போதுதான் உறுதியாக விளங்கியது. அதனால்தான் உங்கள் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

தங்கச்சியைப் பின்னேரம் உள்ளே எடுத்தார்கள். பிள்ளை பிறந்தது விடியப்புறம். இடையில் அந்த இரவு முழுக்க எங்களுக்குக் கிடைத்த ஒரே தகவல், வாசலில் இருந்த செக்கியூரிட்டி சொன்ன ‘இன்னும் இல்லை’ என்பதுதான். பாவம், அவருக்கும் உள்ளே நடப்பது தெரியாது. கதவு திறக்கும் போதெல்லாம் வாசலில் இருந்த அத்தனை பேரும் எழும்புவோம். யாராவது ஒருவரின் பெயரைச் சொல்லி பிள்ளைத்துணி கேட்பார்கள். மற்றவர்கள் திரும்பவும் நிலத்தில் குந்துவோம். தூர இடங்களிலிருந்து வந்த தாய்மார், கடைசி பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு, பையைத் தலைக்கு வைத்துச் சீமெந்துத் தரையில் படுத்திருந்தார்கள். அம்மா பிளாஸ்கில் சுடுதண்ணி வைத்திருந்தார். உள்ளே கொடுத்துவிடச் சொல்லிக் கேட்டோம். வாங்கவில்லை.

உள்ளே நடந்ததைத் தங்கச்சி உடனே சொல்லவில்லை. பிள்ளைக்கு முப்பத்தொன்று கழித்த பிறகு, ஒரு நாள் பாலைக் கொடுத்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள்.

கட்டில்களுக்கு நடுவே திரை போடுவதற்கு மேலே கம்பி இருக்கிறது. கம்பியில் வளையங்கள்கூடத் தொங்குகின்றன. சீலைதான் இல்லை. உள்பரிசோதனைக்கு ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். வந்தவர்களில் யார் வைத்தியர், யார் படிக்க வந்தவர் என்று அவளுக்குத் தெரியாது. யாரும் பெயர் சொல்லவில்லை, என்ன செய்யப் போகிறோம் என்றும் சொல்லவில்லை. றப்பர் கையுறையை இழுத்து மாட்டுகிற சத்தம் கேட்டால், அடுத்த சோதனை வருகிறது என்று காலை ஒடுக்கிக்கொள்வாளாம். காலை விரி என்று தொடையில் ஓர் அடி விழும். பக்கத்துக் கட்டிலில் ஒரு முஸ்லிம் சகோதரி. ஒக்சிஜன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு ஓர் ஆண் ஊழியர் உள்ளே வந்தபோது, கீழே மூட எதுவும் இல்லாமல் அந்தப் பெண் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாராம்.

நோ கூடித் தங்கச்சி கத்தியிருக்கிறாள். ‘பிள்ளை உண்டாகும்போதும் இப்படித்தான் கத்தினாயா?’ என்று ஒருவர் கேட்டார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். இந்த வசனத்தை எழுத எனக்குக் கை கூசுகிறது. ஆனால் எங்கள் பக்கத்துப் பெண்கள் எத்தனையோ பேர் பிரசவக் கட்டிலில் இதையே, தமிழிலும் சிங்களத்திலும், கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்கள் வெளியே சொல்வதில்லை. ‘பிள்ளை நல்லபடியாகப் பிறந்துவிட்டதே, இதைப் போய்ப் பெரிதுபடுத்துவதா’ என்று வீட்டிலும் அடக்கிவிடுவார்கள். அதனால் நான் எழுதிவிடுகிறேன்.

அதைவிடவும் என்னைத் தூங்கவிடாத விஷயம் வேறு. பிள்ளையின் தலை வெளியே வருகிற நேரம், கொஞ்சம் முக்காமல் மெதுவாக மூச்சை விடச் சொல்வார்கள். தலை சடாரென்று வந்தால் கிழியும் என்பதால் அப்படிச் சொல்வது. தங்கச்சிக்கும் சொன்னார்கள். சிங்களத்தில் சொன்னார்கள். அவளுக்குச் சிங்களம் தெரியாது. குரலில் இருந்த அவசரம் மட்டும்தான் அவளுக்கு விளங்கியது. அவசரப்படுத்துகிறார்கள் என்று நினைத்து இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து முக்கியிருக்கிறாள். ஆழமாகக் கிழிந்தது. விறைப்பு ஊசி சரியாகப் பிடிக்க முன்பே தையல் தொடங்கியது. சொன்னதைக் கேட்காத பெண் என்று ஏச்சும் விழுந்தது. பல கிழமைகள் அவளால் நேராக உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுக்க முடியவில்லை.

டியூட்டி மாறி வந்த ஒரு மிஸ்ஸி, அதாவது தாதிதான், அன்றைக்கு அவளை மனுசியாகப் பார்த்தவர். அவரும் சிங்களவர்தான். தலையைத் தடவி, அரைகுறைத் தமிழில் ‘பயப்பட வேணாம் நங்கி (தங்கச்சி)’ என்றிருக்கிறார். ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துவிட்டுப் பிள்ளையைக் கொண்டுவந்து நெஞ்சில் போட்டிருக்கிறார். தங்கச்சி இன்றைக்கும் அந்த மிஸ்ஸியை நினைத்து அழுவாள். யார் எந்த இனம் என்பதை வைத்து நான் இந்த மடலை எழுதவில்லை. ஏசியவர்களில் தமிழில் ஏசியவர்களும் இருந்தார்கள்.

இனி 2019 க்கு வருகிறேன். என் மூத்தவன் பிறந்ததும் அதே மருத்துவமனையில், அதே பிரசவ அறையில்தான். கட்டில்களும் அதே இடத்தில்தான் இருந்தன. அப்போது ஒரு பெண் துணையை உள்ளே விட்டார்கள். என் மாமி, அதாவது கணவரின் அம்மா, வந்து நின்றார். நாரியை, அதாவது இடுப்பின் பின்பக்கத்தை, தேய்த்துவிட்டார். நோ விட்டுவிட்டு வரும் இடைவெளியில் கரண்டியால் தண்ணி பருக்கினார். எழும்பி நடக்கலாமா என்று மிஸ்ஸியிடம் கேட்டு என்னைக் கைப்பிடித்து நடத்தினார். மாமிக்குக் கந்தளாய்ச் சந்தையில் மரக்கறி விற்றுப் பழகிய சிங்களம் இருந்தது. வைத்தியர் சொன்னதை எனக்குச் சொன்னார், எனக்குச் செய்கிறதை அவரிடம் கேட்டுச் சொன்னார். என்னையும் உள்பரிசோதனை செய்தார்கள். ஆனால் மாமி முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார், கேட்டுவிட்டுத்தான் செய்தார்கள். எனக்கும் நோவில் குறைவில்லை, நானும் கத்தினேன். ஆனால் யாரும் என்னைக் கேவலமாக ஒரு சொல் சொல்லவில்லை. மாமி பக்கத்தில் நிற்கும்போது அந்தச் சொல் யாருக்கும் வாயில் வராது.

அதே அறைதான். வேலை செய்தவர்களிலும் சிலர் அதே ஆட்கள்தான். எனக்கு ஒருவர் துணைக்கு இருந்தார், தங்கச்சிக்கு இல்லை. நான் கண்ட வித்தியாசம் இவ்வளவுதான்.

நீங்கள் இதை ஒரு வீட்டுக்காரியின் மனக்குறை என்று ஒதுக்கிவிடக்கூடாது என்பதற்காக, உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்த விஷயத்தையும் ஞாபகப்படுத்துகிறேன். பிரசவ நேரத்தில் தொடர்ந்து ஒருவர் துணைக்கு இருப்பதால் என்ன நடக்கிறது என்று 17 நாடுகளில், 15,000 க்கும் மேற்பட்ட பெண்களிடம் செய்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடுகிற கொக்ரேன் ஆய்வுக் குழு 2017 இல் முடிவை வெளியிட்டது. துணை இருந்த பெண்களுக்குச் சிசேரியன் ஏறக்குறைய கால்பங்கு குறைந்திருந்தது. பிரசவ நேரம் சராசரியாக 40 நிமிடமளவில் குறைந்திருந்தது. பிறந்தவுடன் சோர்ந்து கிடந்த பிள்ளைகளின் தொகையும் குறைவு. இதே பலனைத் தரும் மாத்திரை ஒன்று இருந்தால் ஒவ்வொரு விடுதி அலுமாரியிலும் அதை அடுக்கி வைத்திருப்பீர்கள்.

காரணமும் எளிதில் விளங்கக்கூடியதுதான். பயந்த உடம்பில் அட்ரினலின் ஏறும். அது ஏறினால் கர்ப்பப்பையைச் சுருக்குகிற ஒக்சிடோசின் மட்டுப்படும். நோ நீளும். நீண்டால் சேலைனில் மருந்து, அப்புறம் பிறப்பு வழியில் கத்தரிப்பு, அப்புறம் சத்திரசிகிச்சை என்று ஒன்றன்பின் ஒன்றாக இழுத்துக்கொண்டு போகும். பயத்தைக் குறைக்கிற வேலையை, ஒரே நேரத்தில் நாலைந்து தாய்மாரைப் பார்க்கிற ஒரு மிட்வைப்பால் செய்ய முடியாது. அதற்கு அவளோடேயே இருக்கிற ஓர் ஆள் வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2018 இல் பிரசவ காலப் பராமரிப்புக்கு 56 பரிந்துரைகளை வெளியிட்டது. மரியாதையான பராமரிப்பும், தாய் தானே தெரிவு செய்த துணையும் அதில் முதலிலேயே வருகின்றன. எல்லாப் பெண்ணுக்கும் வழக்கமாகக் கத்தரிக்க வேண்டாம், வயிற்றை மேலிருந்து அமுக்க வேண்டாம், சிக்கல் இல்லாத தாய்க்குக் குடிக்கவும் சாப்பிடவும் கொடுக்கலாம், அவள் விரும்பிய நிலையில் இருந்து பெறட்டும் என்றெல்லாம் அதிலேயே இருக்கிறது. 2014 இலேயே, மருத்துவமனைப் பிரசவங்களில் நடக்கும் அவமரியாதையையும் துன்புறுத்தலையும் நிறுத்த வேண்டும் என்று அதே நிறுவனம் தனி அறிக்கை விட்டது. இன்னும் ஒன்று. கொரோனா உச்சத்தில் இருந்த 2020 இலும்கூட, தொற்று உள்ள தாய்க்குக்கூடத் தான் விரும்பிய துணையை வைத்திருக்கும் உரிமை உண்டு என்றே அது சொன்னது. அப்படியிருக்க, தொற்றே போன பிறகு எங்கள் கதவில் பலகை மாட்டியிருக்கிறீர்கள்.

எங்கள் நாட்டைப் பற்றிய பெருமை எனக்கும் உண்டு. 1926 இல் களுத்துறையில் முதல் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவு தொடங்கிய நாளிலிருந்து, வீடு வீடாக வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்த மருத்துவமாதுக்களால்தான் நாங்கள் இந்த நிலைக்கு வந்தோம். 1940 களின் தொடக்கத்தில் ஒரு லட்சம் பிறப்புக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் செத்தார்கள். இன்றைக்கு அது நாற்பதுக்குள் வந்துவிட்டது. நூற்றுக்கு 99 க்கு மேற்பட்ட பிள்ளைகள் மருத்துவமனையில் பிறக்கின்றன. அண்டை நாடுகள் வந்து பார்த்துப் படித்துப் போகும் சாதனை இது. என் அம்மம்மா வீட்டிலேயே பெற்றவர். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். மருத்துவமனையின் அருமையை அவரிடமிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். ஆனால் உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்பதால் மற்ற எதையும் கேட்காதே என்று ஒரு தாயிடம் சொல்வது நியாயமில்லை. இலவச சுகாதார சேவை நாங்கள் கட்டும் வரியில் நடக்கிறது. கிழங்கு வாங்கினாலும் பால்மா வாங்கினாலும் நாங்கள் வரி கட்டுகிறோம். இலவசமாகப் பார்க்கிறோம், ஆகவே வாய் திறக்காதே என்ற தொனி பிரசவ அறையில் கேட்கக்கூடாது.

நீங்கள் நடத்துகிற சேவைக்குள்ளேயே ஒரு முரண்பாடு இருக்கிறது, அதையும் பாருங்கள். கிராமத்துக் கிளினிக்கில் கர்ப்பிணித் தாய்மாருக்கு வகுப்பு வைக்கிறீர்கள். கணவனையும் கட்டாயம் கூட்டிவரச் சொல்கிறீர்கள். தங்கச்சியின் கணவர் கடற்றொழிலுக்குப் போகாமல் நின்று அந்த வகுப்புக்குப் போனார். நோ வரும்போது நாரியை எப்படி அமுக்கிவிடுவது, மூச்சை எப்படி விடச் சொல்வது என்றெல்லாம் மருத்துவமாது அழகாகச் சொல்லிக்கொடுத்தார். அம்மாவுக்கும் வீட்டில் வந்து சொன்னார். சொல்லிக்கொடுத்ததைச் செய்ய வேண்டிய இரவில் தங்கச்சியின் கணவர் மருத்துவமனை மதிலுக்கு வெளியே ஓட்டோவுக்குள் இருந்தார், அம்மா கதவுக்கு வெளியே இருந்தார். மாவட்டத்தின் ஒரு கை கற்றுக்கொடுக்கிறது, மறு கை கதவைப் பூட்டுகிறது.

பலகை ஏன் என்று நான் பொறுப்பானவர்களிடம் நேரில் கேட்டேன். மரியாதையாகவே பதில் சொன்னார்கள், அதற்கு நன்றி. அவர்கள் சொன்ன காரணங்களை ஒதுக்கிவிட முடியாது.

இடம் போதாது என்றார்கள். 2019 இல் அதே இடம்தான் போதுமாக இருந்தது. ஒரு துணை நிற்க வேண்டிய இடம் ஒரு பிளாஸ்டிக் கதிரை வைக்கிற இடம்.

மற்றத் தாய்மாரின் மறைவு கெடும் என்றார்கள். இது பெறுமதியான காரணம். ஆனால் இதற்குத் திரைச்சீலைதான் மருந்து. துணை வந்தாலும் வராவிட்டாலும் அந்தச் சீலை அங்கே தொங்கியிருக்க வேண்டியது. கம்பியும் வளையமும் ஏற்கெனவே இருக்கின்றன. நகரத்தில் இருக்கிற எந்தத் தையற்காரரும் ஒரு கிழமைக்குள் தைத்துத் தந்துவிடுவார். மருத்துவமனை அபிவிருத்திக் குழுவிடம் பணம் இல்லையென்றால் ஊரில் கேளுங்கள். கோயிலிலும் பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் விகாரையிலும் கேளுங்கள், ஒரு வெள்ளிக்கிழமைக்குள் சேர்ந்துவிடும். முதல் திரைக்கு நாங்கள் தருகிறோம்.

துணைக்கு வருகிறவர்கள் சண்டை பிடிக்கிறார்கள், போனில் வீடியோ எடுக்கிறார்கள் என்றார்கள். அப்படி நடந்திருக்கலாம். போனை வாசலிலேயே வாங்கி வையுங்கள். உள்ளே வருகிறவருக்கு என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று அரை மணி நேரம் கிளினிக்கிலேயே சொல்லிக்கொடுத்து, கிளினிக் கொப்பியில் அவர் பெயரை எழுதி, அந்த ஒருவரை மட்டும் விடுங்கள். தமிழ்நாட்டு அரச மருத்துவமனைகளில் 2004 தொடக்கம் பிரசவத் துணை நடைமுறை இருக்கிறது. அங்கே கூட்டம் எங்களைவிடப் பல மடங்கு. அவர்களுக்கு முடிந்தது எங்களுக்கு முடியாதா?

ஆட்கள் பற்றாக்குறை என்றார்கள். இதில் அவர்களோடு எனக்குச் சண்டையே இல்லை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தனை வைத்தியர்கள், தாதியர் நாட்டை விட்டுப் போனார்கள் என்று எங்களுக்குத் தெரியும். இருப்பவர்கள் இரட்டை டியூட்டி பார்க்கிறார்கள், களைக்கிறார்கள், களைப்பில் வாய் தடிக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், துணையை உள்ளே விடுங்கள். தண்ணி எடுத்துக் கொடுக்க, நாரியைத் தேய்க்க, சீலை மாற்ற, பிள்ளையை மாரில் போட்டுப் பிடித்துக்கொள்ள அவர் இருப்பார். மிஸ்ஸிமாருக்குக் கை மிஞ்சும். தங்கச்சி இருந்த அன்று, பிள்ளை பெற்றுக் கொஞ்ச நேரமே ஆன இன்னொரு பெண்ணின் கட்டிலில் இரத்தம் சொட்டியதை முதலில் கண்டது தரை துடைக்க வந்த அம்மாதான். அவர் கூப்பிட்டதால் ஓடிவந்து காப்பாற்றினார்கள். பிள்ளை பிறந்து முதல் சில மணி நேரத்தில் வரும் இரத்தப்போக்கு எவ்வளவு பயங்கரம் என்று நீங்கள்தான் எங்களுக்குச் சொல்லித் தருகிறீர்கள். அந்தப் பெண்ணின் பக்கத்தில் அவளுடைய தாயோ ராத்தாவோ (அக்காவோ) இருந்திருந்தால், தரை துடைக்கிற அம்மா வரும்வரை அது காத்திருந்திருக்காது.

மொழி பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். 2012 கணக்கெடுப்பின்படி திருகோணமலை மாவட்டத்தில் பத்துப் பேரில் ஏழு பேர் தமிழ் பேசுகிற தமிழரும் முஸ்லிம்களும். மீதிப் பேர் சிங்களம் பேசுகிறவர்கள். கோமரங்கடவலையிலிருந்து வருகிற சிங்களப் பெண்ணுக்குத் தமிழ் மட்டும் தெரிந்த ஒரு தாதி ‘முக்காதே’ என்று சொன்னாலும் இதே ஆபத்துத்தான். அரசியலமைப்பின் 16 ஆம் திருத்தம் 1988 இல் வந்த நாள் முதல் வடக்கு, கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி. ஓர் அலுவலகத்தில் கடிதத்துக்குத் தமிழில் பதில் கிடைக்காவிட்டால் முறைப்பாடு செய்ய ஆணைக்குழு இருக்கிறது. கடிதத்துக்கே அவ்வளவு அவசியம் என்றால், தலை வெளியே வந்துகொண்டிருக்கிற நேரத்தில் சொல்லப்படுகிற நாலு சொல்லுக்கு எவ்வளவு அவசியம்? தெற்கிலிருந்து மாற்றலாகி வருகிற பிள்ளைகளிடம் நாளைக்கே சரளமாகத் தமிழ் பேசுங்கள் என்று நான் கேட்கவில்லை. பிரசவ அறையில் தேவைப்படுகிற சொற்கள் ஐம்பதுகூட வராது. முக்குங்கள், நிறுத்துங்கள், மூச்சு விடுங்கள், இப்போது உள்ளே பார்க்கப் போகிறேன், ஊசி போடுகிறேன், பிள்ளை நலம். இவ்வளவையும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டலாம், வேலைக்கு வந்த முதல் கிழமையிலேயே படிப்பிக்கலாம்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இவை.

முதலாவது, அந்தப் பலகையைக் கழற்றுங்கள். மாவட்டத்தின் எல்லாப் பிரசவ அறைகளிலும், தாய் தானே பெயர் சொல்லும் ஒரு பெண் துணை பிரசவம் தொடங்கியது முதல் பிள்ளை பிறந்து குறைந்தது இரண்டு மணி நேரம் வரை கூட இருக்கலாம் என்று மாகாண மட்டத்தில் எழுத்தில் சுற்றறிக்கை விடுங்கள். அத்தியட்சகர் மாறினால் மாறிவிடுகிற வாய்ச்சொல்லாக அது இருக்கக்கூடாது. முழு மறைப்பு உள்ள இடங்களில், தாய் விரும்பினால் கணவரையும் விடுங்கள். யாரும் வேண்டாம் என்று சொல்கிற தாயையும் மதியுங்கள்.

ஒவ்வொரு கட்டிலுக்கும் திரை போடுங்கள். இதை அடுத்த வருட வரவுசெலவுத் திட்டத்துக்குத் தள்ளிவைக்க வேண்டாம்.

உள்பரிசோதனை செய்கிறவர் தன் பெயரையும், தான் யார் என்பதையும், என்ன செய்யப் போகிறார் என்பதையும் சொல்லிச் சம்மதம் கேட்க வேண்டும் என்று கட்டாயமாக்குங்கள். படிக்க வருகிறவர்கள் எங்களில் படிக்கட்டும், அவர்கள் படித்தால்தான் எங்கள் பேத்திமாருக்கு வைத்தியர் கிடைப்பார். ஆனால் கேட்டுவிட்டுப் படிக்கட்டும். ஒரே நேரத்தில் ஒருவரே பார்க்கட்டும்.

கத்தரித்தாலும் தைத்தாலும் ஊசி பிடித்ததா என்று கேட்காமல் தொடங்கக்கூடாது. ஒவ்வொரு மாதமும் எத்தனை பேருக்குக் கத்தரிக்கிறீர்கள், ஏன் கத்தரிக்கிறீர்கள் என்ற கணக்கை விடுதி வாரியாக வைத்திருங்கள்.

ஒவ்வொரு முறை டியூட்டியிலும் தமிழும் சிங்களமும் விளங்குகிற ஒருவராவது பிரசவ அறையில் இருக்கும்படி பட்டியல் போடுங்கள். முடியாத இரவுகளில் துணைக்கு வந்தவரே அந்த வேலையைச் செய்வார்.

வெளியே காத்திருப்பவர்களுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒருவர் வந்து நிலைமையைச் சொல்ல வேண்டும். செக்கியூரிட்டியின் வேலை அது இல்லை. தரையில் படுக்கிறவர்களுக்கு உட்கார ஒரு வாங்கும் ஒரு குடிதண்ணீர்க் குழாயும் வையுங்கள்.

முறைப்பாட்டைப் பற்றியும் ஒன்று. விடுதி வாசலில் பெட்டி வைத்தால், அடுத்த பிள்ளைக்கும் இங்கேதானே வர வேண்டும் என்று பயந்து யாரும் எழுத மாட்டார்கள். பிள்ளை பிறந்த பிறகு வீட்டுக்கு வருகிற மருத்துவமாதிடம், மருத்துவமனையில் எப்படி நடத்தினார்கள் என்று நாலு கேள்வி கேட்டுக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம். அந்தக் குறிப்புகள் அவருடைய சுகாதார வைத்திய அதிகாரி வழியாக நேரே உங்களிடம் வரட்டும். நல்லது செய்த மிஸ்ஸிமாரின் பெயரும் அதில் வரும். அவர்களைக் கூப்பிட்டுப் பாராட்டுங்கள், அவர்களைக் கொண்டே மற்றவர்களுக்குப் படிப்பியுங்கள்.

இந்த மடலின் பிரதியைக் கையெழுத்திட்டுத் தபாலிலும் அனுப்பியிருக்கிறேன். என்னோடு சேர்ந்து கையெழுத்து வைத்த தாய்மாரில் இரண்டு மொழிக்காரரும் மூன்று சமூகத்தவரும் இருக்கிறார்கள். ஒரு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். எதைச் செய்வீர்கள், எப்போது செய்வீர்கள், எதைச் செய்ய முடியாது, ஏன் முடியாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால், பலகையை மாட்டச் சொன்ன உத்தரவின் பிரதியைத் தரும்படி 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிப்போம். எங்களைக் கூப்பிட்டுப் பேச விரும்பினால், தங்கச்சியும் நானும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு எந்த நாளிலும் வரத் தயார்.

இப்படிக்கு,
திருகோணமலையிலிருந்து ஒரு தாய்